சாமியின் முதுகு

போன சித்திரையில்தான் அம்மாவை முதன்முதலாகத் தஞ்சாவூர் அரண்மனையில் இருக்கும் கலைக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். காலையில் பெரிய கோயில், வெயில் ஏறுவதற்குள் கலைக்கூடம், அப்புறம் சாப்பாடு என்று திட்டம். டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தால் அம்மாவைக் காணோம். திரும்பிப் பார்த்தால் வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றி, யார் காலிலும் படாதபடி ஓரமாகத் தள்ளிக்கொண்டிருக்கிறாள். காவலுக்கு இருந்தவர், "அம்மா, செருப்பு போட்டுக்கிட்டே போலாம், இது கோயில் இல்ல" என்றார். அம்மா அவரையும் பார்த்தாள், உள்ளே வரிசையாக நின்ற சாமிகளையும் பார்த்தாள். "இத்தன பேரு நிக்கிறாங்களே தம்பி" என்று சொல்லிவிட்டு வெறுங்காலோடு வந்தாள்.

நான் அதற்கு முன் அங்கே ஏழெட்டு முறையாவது போயிருப்பேன். ஒருமுறைகூடச் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று தோன்றியதில்லை. தோன்றாததைக் கொஞ்சம் பெருமையாகவே வைத்திருந்தேன் என்றும் சொல்லலாம். கலையைக் கலையாகப் பார்க்கிற ஆள் என்ற நினைப்பு.

நான் அம்மாவுக்குக் காட்ட நினைத்தது ரிஷபவாகன தேவரை. திருவெண்காட்டில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த செப்புத் திருமேனி. 1011-இல், ராஜராஜன் காலத்தில் செய்து வைத்தது என்று அந்தக் கோயில் கல்வெட்டே சொல்கிறது. பக்கத்தில் நிற்கும் அம்மன் அடுத்த வருஷம், 1012-இல் வந்து சேர்ந்தவள். மூன்றரை அடி உயரம் இருக்கும். சடையையே தலைப்பாகை மாதிரி சுற்றிக் கட்டி, அதில் பாம்பும் பின்னிக்கிடக்கிறது. ஒரு காலைக் குறுக்கே போட்டுக்கொண்டு, ஒரு கையைக் காளையின் மேல் சாய்த்தபடி நிற்கிறார். காளைதான் இல்லை. எங்கே போனதோ, அந்தக் கை மட்டும் ஆயிரம் வருஷமாக அப்படியே நிற்கிறது. சாயங்காலம் வாய்க்கால் கரையில் மாட்டின்மேல் கை போட்டு நின்று ஊர்க்கதை பேசும் ஆளைப் பார்த்திருந்தால் அந்த நிற்பு உடனே பிடிபட்டுவிடும்.

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். கண்ணை மூடித் திறந்தாள். பிறகு என் பக்கம் சாய்ந்து, "துணி கட்டாம விட்டுட்டாங்களேடா" என்றாள், சாமிக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல.

அறுபத்தெட்டு வருஷமாக உற்சவரைப் பார்த்து வந்தவள் அவள். அந்த உற்சவருக்கு எப்போதும் பட்டு உண்டு, மாலை உண்டு, கவசம் உண்டு, ரோஜாவும் சம்பங்கியும் உண்டு. எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு முகம் தெரியும், அபய முத்திரையில் ஒரு கை தெரியும், கொடுத்துவைத்தால் பாதம் தெரியும். சிற்பி இடுப்பில் வைத்த வளைவு, தோளிலிருந்து இறங்கும் பூணூல், மடியில் ஒட்டிய ஆடையின் கோடுகள் எல்லாம் குருக்களுக்கும் ஸ்தபதிக்கும் மட்டும் தெரிந்த விஷயம். வார்த்து முடித்து, உளி வைத்துச் சீவி, கண் திறந்து கொடுத்த நாளோடு அந்த உடம்பு பட்டுக்குள் போய்விடுகிறது. நாம் கலைப் புத்தகங்களில் பார்த்து வாய்பிளக்கும் சோழர் செப்புத் திருமேனியை, அது எந்த ஊருக்காகச் செய்யப்பட்டதோ அந்த ஊர் மக்கள் நம்மைப்போல முழுசாகப் பார்த்ததே இல்லை.

"மாடு எங்க?" என்பது அம்மாவின் அடுத்த கேள்வி. கிடைக்கவில்லை என்றேன். "தேடினாங்களா?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

சென்னையில் வளர்ந்த என் மாமா எழும்பூர் அருங்காட்சியகத்தைக் கடைசி வரை 'செத்த காலேஜ்' என்றுதான் சொல்வார். மிருகக்காட்சி சாலை 'உயிர் காலேஜ்'. பழைய மெட்ராஸ்காரர்கள் எல்லோர் வாயிலும் இருந்த பெயர்கள் இவை. 1851-இல் தொடங்கிய அருங்காட்சியகம் அது. அதன் முதல் பொறுப்பாளர் பால்ஃபர் அதே வளாகத்தில் கொஞ்சம் மிருகங்களையும் வளர்க்க, அது பெருகித் தனி மிருகக்காட்சி சாலையாகி வெளியே போனது. உயிரோடு இருப்பது ஒரு காலேஜ், செத்தது இன்னொரு காலேஜ். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் இரண்டையும் ஒரே நாளில் காட்டி, மெரினாவில் சுண்டல் வாங்கிக் கொடுத்து ரயிலேற்றுவார்கள். அப்படிப் போய் வந்த யாரைக் கேட்டாலும் திமிங்கில எலும்புக்கூடு நினைவிருக்கிறது என்பார்கள். எனக்கும் அதுதான் நினைவிருந்தது. ஐந்தாம் வகுப்புச் சுற்றுலாவில், ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயில் வண்டி மாதிரி ஓடியபோது, திருவாலங்காட்டு நடராஜரையும் கடந்துதான் போயிருக்கிறோம். வாத்தியார் நிற்கவிடவில்லை. புளியோதரை காத்திருந்தது.

அங்கிருந்த நடராஜரின் புகைப்படங்களை வைத்துக்கொண்டு பிரெஞ்சுச் சிற்பி ரோடின் 1913 வாக்கில் பாரிஸில் பக்கம் பக்கமாக எழுதினார். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. உதடு, கன்னம், தொடை என்று ஒவ்வொன்றாக, வெளிச்சம் எங்கே விழுகிறது என்றுகூட எழுதினார். நாங்கள் நேரில் பத்து நொடி பார்த்தோம். இதைச் சொல்லி யாரையும் குத்திக்காட்ட வரவில்லை, புளியோதரையும் நன்றாகத்தான் இருந்தது.

சரி, தொடுவதைப் பற்றிச் சொல்கிறேன். எந்த ஊர் அருங்காட்சியகத்துக்குப் போனாலும் 'தொடாதீர்கள்' என்ற பலகை இருக்கும். அதன் பக்கத்திலேயே நந்தியின் நெற்றி எண்ணெய்ப் பளபளப்போடு இருக்கும். பிள்ளையார் வயிற்றைத் தடவாமல் நம்மால் நகர முடியாது. கல்லில் ஒரு குழி தெரிந்தால் சில்லறை விழும். தூண் தெரிந்தால், குறிப்பாகச் சுண்ணாம்புத் தூண் தெரிந்தால், யாராவது ஒரு ரமேஷ் தன் பெயரைக் கீறி, பக்கத்தில் அம்பு விட்ட இதயம் போட்டு, இன்னொரு பெயரையும் எழுதிவிட்டுப் போயிருப்பார்.

தொட்டால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை, நானே பிறகு படித்துத் தெரிந்துகொண்டதுதான். விரலில் இருக்கும் வியர்வை என்பது உப்பு. செம்பு கலந்த உலோகத்துக்கு உப்பும் ஈரமும் சேர்ந்தால் ஆகாது. மண்ணில் கிடந்த திருமேனிகள் ஏற்கனவே மண்ணின் உப்பை உள்ளே வாங்கிக்கொண்டு வந்திருக்கும். மேலே அழகான கரும்பச்சைப் பூச்சு, அடியில் அந்த உப்பு. மழைக்காலத்து ஈரக்காற்று பட்டால் ஊசிமுனை ஊசிமுனையாக வெளிர்பச்சைத் தூள் கிளம்பும். வெண்கல நோய் என்பார்கள். துடைத்தால் போகாது, விட்டால் உலோகத்தைத் தின்றுகொண்டே போகும். இதற்கு வைத்தியம் பார்க்கவே 1930-இல் எழும்பூரில் ஒரு வேதியியல் ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். பரமசிவன் என்ற வேதியியல் அறிஞர் மின்சாரம் பாய்ச்சி உப்பை வெளியே இழுக்கும் முறையில் நிறையத் திருமேனிகளை அங்கே காப்பாற்றினார். நடராஜரைப் பற்றி இத்தனை கவிதை எழுதிய நாட்டில், நடராஜரை உப்பிலிருந்து காப்பாற்றியவரின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

அப்படியானால் கோயிலில் தினமும் பாலும் தயிரும் சந்தனமும் ஊற்றுகிறார்களே என்று கேட்கலாம். நானும் கேட்டிருக்கிறேன். கோயிலில் பூஜையில் இருக்கும் பழைய திருமேனிகளைக் கிட்டத்தில் பார்த்தால் விடை தெரியும். மூக்கு மழுங்கியிருக்கும், உதட்டின் ஓரம் கரைந்திருக்கும், கண்ணைப் பிற்காலத்தில் மறுபடி வெட்டித் திருத்தியிருப்பார்கள். நூற்றாண்டுக் கணக்காகப் புளி போட்டுத் துலக்கித் துலக்கி, அபிஷேகம் செய்து செய்து, தேய்ந்த முகங்கள். அரண்மனையில் நிற்கும் திருவெண்காட்டு மூர்த்திகளின் முகம் இன்னும் கூர்மையாக இருக்கிறதென்றால், அவை பல நூறு வருஷம் யாரும் தொடாமல் மண்ணுக்குள் கிடந்ததுதான் காரணம். படையெடுப்புக்குப் பயந்து யாரோ குழி தோண்டி, மணல் பரப்பி, படுக்க வைத்து மூடியிருக்கிறார்கள். திரும்ப எடுக்க அவர்கள் வரவில்லை.

எனக்குத் தேய்ந்த முகமும் பிடிக்கும். எங்கள் ஊர்ச் சோமாஸ்கந்தருக்கு மூக்கே இல்லை என்று சொல்லலாம். அது எங்கள் பாட்டிமார்கள் கொண்டாடிய கொண்டாட்டத்தின் அடையாளம். ஆனால் அதே கொண்டாட்டத்தை அருங்காட்சியகத்தில் செய்தால் அது சேதம். ஒரே கை, ஒரே குங்குமம். சுவர்தான் வேறு. அம்மாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. "பூ வைக்கலாமா?" என்று அவள் கேட்டபோது "வைக்கக் கூடாதும்மா" என்று மட்டும் சொன்னேன். பெரிய கோயிலில் வாங்கிய முழம் மல்லிகையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தாள்.

இந்தக் கலைக்கூடம் வந்த கதையே ஓர் உள்ளூர்ச் சண்டையில் தொடங்கியது என்று தஞ்சாவூரில் சொல்வார்கள். கரந்தையில் கிடந்த ஒரு பிரம்மா சிலையைக் கல்கத்தாவிலிருந்து வந்த ஆய்வாளர் ஒருவர் கொண்டுபோக ஏற்பாடு செய்ய, ஊர்க்காரர்கள் விடமாட்டோம் என்றிருக்கிறார்கள். அதற்கப்புறம்தான் இங்கேயே வைத்துக் காப்பாற்றினால் என்ன என்று யோசனை பிறந்து, 1951-இல் அரண்மனைக்குள் கலைக்கூடம் வந்தது. தாராசுரத்துக் கற்சிற்பங்கள் வந்தன. யானைத்தோலைக் கிழித்துப் போர்த்திக்கொண்டு சுழலும் கஜசம்ஹாரர் அதில் ஒருவர். அப்புறம் மாவட்டம் முழுக்கத் தோண்டக் கிடைத்தவை ஒவ்வொன்றாக வந்தன. கேட்பாரற்றுக் கிடந்தபோது அந்தப் பிரம்மாவுக்கு ஒரு விளக்கும் இருந்ததில்லை என்பது என் ஊகம். யாரோ தூக்கப் போகிறார்கள் என்றதும் அவர் எங்கள் பிரம்மா ஆகிவிட்டார். இது கேலி இல்லை. நமக்கு அப்படித்தான் உறைக்கிறது.

ஊரில் வீடு கட்ட வானம் தோண்டும்போது சிலை கிடைத்தால் என்ன நடக்கும் என்று டெல்டாக்காரர்களைக் கேளுங்கள். கடப்பாரை 'டங்' என்று ஒரு சத்தம் போடும். அரை மணி நேரத்தில் குளிப்பாட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சூடம் காட்டியாகிவிடும். தாசில்தார் ஜீப்பில் வருவதற்குள் அது பூஜையில் இருக்கும் சாமி. 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் எது கிடைத்தாலும் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும். பத்து ரூபாய் இன்றும் பத்து ரூபாய்தான். "எங்க சாமியை எங்க கோயில்லயே வைங்க" என்று பெண்கள் ஜீப்பின் முன்னால் உட்காருவார்கள். பேச்சுவார்த்தை நடக்கும். கடைசியில் சாமி கோணிப்பையில் சுற்றிக்கொண்டு தாலுகா ஆபீஸ் போகும். அங்கிருந்து அருங்காட்சியகம். வழியனுப்ப அழுத அதே ஊரிலிருந்து, பிறகு அந்தச் சாமியைப் பார்க்க அருங்காட்சியகத்துக்கு யாராவது போனார்களா என்று நான் விசாரித்த இரண்டு ஊர்களில் ஒருவரும் போகவில்லை. பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். போய் என்ன செய்வது, சூடம்கூடக் காட்ட முடியாதே என்றார் ஒரு பெரியவர்.

ஸ்ரீபுரந்தான் நடராஜர் கதை இதைவிடக் கசப்பு. அரியலூர்ப் பக்கத்துச் சிற்றூர், பூஜை நின்று பூட்டிக்கிடந்த சோழர் கோயில். 2006-இல் திருடு போனது. போனது என்று வெளியே தெரிந்தது 2008-இல். அதே 2008-இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் அந்த நடராஜரை 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கிவிட்டது. நல்ல விளக்கு போட்டு, சுற்றி இடம் விட்டு நிறுத்தினார்கள். 2014-இல் அந்நாட்டுப் பிரதமர் கொண்டுவந்து திரும்பக் கொடுத்தார். பத்திரிகையில் படம் வந்தது, எல்லோரும் பெருமைப்பட்டோம். இங்கே இருளில் பூட்டிக்கிடந்தபோது வவ்வாலைத் தவிர யாரும் பார்க்கவில்லை, அங்கே திருட்டுப் பொருளாக நின்றபோது கூட்டம் கூட்டமாகப் பார்த்தார்கள், திரும்பி வந்ததும் மறுபடி பாதுகாப்பு மையம் ஒன்றின் பூட்டுக்குள். கடத்தப்பட்டு லண்டன் போய்ச் சேர்ந்த பத்தூர் நடராஜரும் அப்படித்தான். லண்டன் நீதிமன்றத்தில் வழக்காடியவர்களின் பட்டியலில் கோயிலும் சிவலிங்கமும்கூட இருந்தன. வென்று 1991-இல் வந்தார். வந்தவரை அவருடைய ஊரில் வைக்கப் பாதுகாப்பில்லை என்று திருவாரூரில் வைத்தோம்.

பெயர் சொல்ல விரும்பாத ஒரு சிறிய அருங்காட்சியகத்துக்கு அடிக்கடி போவேன், வேலை விஷயமாக அந்த ஊரில் தங்கும்போதெல்லாம். உள்ளே இருப்பதைவிட வெளியே முற்றத்தில்தான் சாமான் அதிகம். நடுகற்கள், சதிக்கல், தலையில்லாத புத்தர், ஒரு துர்க்கை. துர்க்கையின் அருகில் டூவீலர் நிறுத்துகிறார்கள். பெயர்ப் பலகையில் 'பெண் தெய்வம் - கல் - 11-ஆம் நூற்றாண்டு' என்று மூன்று விவரம், அதில் எருமைத் தலை மேல் நிற்கிறாளே என்பது இல்லை. எந்த ஊரிலிருந்து வந்தாள் என்பதும் இல்லை. பத்து வருஷமாக அதே பலகை.

அங்கே பெருக்கும் அக்கா ஒருத்தி. வெள்ளிக்கிழமை காலையில் போனால் துர்க்கை காலடியில் ஈரம் காயாத சின்னக் கோலம் இருக்கும், ஒரு செம்பருத்தி இருக்கும். எண்ணெய் இருக்காது, குங்குமம் இருக்காது. ஏன் என்று கேட்டேன். "முன்னாடி எண்ணெ ஊத்துவேன் தம்பி. சென்னையிலேர்ந்து வந்த ஒரு மேடம், எண்ணெயில தூசு ஒட்டி அம்மனுக்குத் தோல் உரியும்னு சொன்னாங்க. அதோட விட்டுட்டேன். தண்ணி, பூ, அவ்ளோதான்." அப்புறம் என்னைக் கூட்டிப்போய் இடது பக்கத்துக் கையைக் காட்டினாள். சங்கு பிடித்த கை. சுண்டுவிரல் நுனியில் புதிதாகப் பெயர்ந்த வெள்ளைத் தடம். "இது போன ஆடி வரைக்கும் முழுசா இருந்துச்சு. வண்டி எடுக்கும்போது ஹேண்டில் பார் இடிச்சிருக்கு. யாருகிட்ட சொல்றது?"

ஆவணத்தில் அந்த விரல் இன்னும் முழுசாகத்தான் இருக்கும். அதைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. இந்த நாட்டில் ஒரு சிற்பத்தின் விரல் போன மாதத்தை நினைவு வைத்திருக்கும் ஒருவரை நான் அதற்கு முன் சந்தித்ததில்லை. கலை விமர்சகர்கள் என்று நான் மதித்த சிலரும் உட்பட.

கூட்டமே வராது என்றும் சொல்லிவிட முடியாது. கீழடியில் 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டியிருக்கிறார்கள். குடும்பம் குடும்பமாக வரிசை, கைக்குழந்தையோடு, தூக்குவாளியோடு. பானை ஓட்டுக்கு முன்னால் இத்தனை பேர் நிற்பார்கள் என்று யார் நினைத்தது? ஓர் அப்பா தன் மகளுக்கு எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினார்: 'ஆதன்'. "ஆதன்னு ஒருத்தர் தன் பானைல பேர் எழுதி வச்சிருக்கார் பாரு, நீ டிபன் பாக்ஸ்ல எழுதற மாதிரி." அந்தப் பெண் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தது. எனக்குத் தூணில் கீறிய ரமேஷ் ஞாபகம் வந்தார். இரண்டாயிரம் வருஷம் கழித்து அந்தத் தூணையும் கண்ணாடிக்குள் வைத்தால் வைப்பார்கள். அதற்காக அவரை இப்போது மன்னிக்கத் தயாராக இல்லை.

கீழடியில் நடப்பது பழைய அருங்காட்சியகங்களில் ஏன் நடக்கவில்லை என்றால், அங்கே ஓடு யாருடையது என்று வருகிறவர்களுக்குத் தெரியும். நம்முடையது. சொல்லி அழைத்திருக்கிறார்கள். துர்க்கை யாருடையவள் என்று பலகையில் இல்லை. ஊர் பெயரை மட்டுமாவது எழுதிப் போட்டால், அந்த ஊர்க்காரர் ஒருவராவது பஸ் ஏறி வருவார் என்றுதான் நினைக்கிறேன்.

தஞ்சாவூரில் அன்று கிளம்பும் நேரம் ஆகிவிட்டது. அம்மா ஓர் அம்மன் திருமேனியின் பக்கவாட்டில் நின்று தயங்கிக்கொண்டிருந்தாள். என்னம்மா என்றேன். "பின்னாடி தெரியுது. பாக்கலாமா?" என்றாள். பார் என்றேன். "சாமி முதுகை யாராவது பாப்பாங்களா" என்று சொல்லிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். கிரீடத்தின் பின்னால் சக்கரம், அதற்குக் கீழே தோளில் பிரிந்து விழும் முடிச்சுருள்கள், முதுகின் நடுவில் இறங்கும் மெல்லிய பள்ளம், இடுப்பில் முடிந்த ஆடையின் முடிச்சு. யாருமே பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் சிற்பி முன்பக்கம் அளவுக்கே வேலை செய்திருக்கிறான். அம்மா வெகுநேரம் நின்றாள். நான் சாப்பாட்டுக்கு அவசரப்படுத்தவில்லை.

வெளியே வந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். மல்லிகையில் பாதியைக் கிள்ளி வாசலில் இருந்த காவல்காரரிடம் கொடுத்து, "வீட்ல குடுங்க தம்பி" என்றாள். மீதியைத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

ராத்திரி சித்தியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். பெரிய கோயிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "பின்னலெல்லாம் அப்படியே இருக்குடி, ஒவ்வொரு சுருளா. முதுகு நம்ம செல்விக்கு இருக்கும் பாரு, அந்த மாதிரி" என்றாள். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் கேட்டுவிட்டு, "இல்லல்ல, செருப்பைக் கழட்டிட்டுதான் போனேன்" என்றாள்.